செம்மரக் காடும் திரை நாயகனும்: ‘புஷ்பா’ படங்களின் ஆக்கமும் வசூலும் – ஜவ்வாது மலை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தெலுங்கில் உருவாகிப் பல மொழிகளில் வெளியான ‘புஷ்பா: தி ரைஸ்’ (2021), ‘புஷ்பா 2: தி ரூல்’ (2024) ஆகிய படங்கள் இந்தியத் திரைப்பட வணிக வரலாற்றில் குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றவை. இவற்றின் கதைக்களம் ஆந்திரத்தின் சேஷாசலம் காடு. கதைப்பொருள் செம்மரக் கடத்தல். அக்காட்டில் மரம் வெட்டச் சென்று சிறைப்பட்டோரிலும் உயிரிழந்தோரிலும் ஜவ்வாது மலை உள்ளிட்ட தமிழக மலைப்பகுதிகளின் மலையாளிப் பழங்குடியினர் பலர். இப்படங்கள் எவ்வாறு உருவாயின, எவ்வாறு பெருவசூல் ஈட்டின என்பதை விளக்கி, திரையில் கூலியாள் நாயகனாக உயரும் கதை புதூர்நாடு போன்ற மலைநாட்டின் நோக்கில் எவ்வாறு பொருள்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புஷ்பா, செம்மரம், சேஷாசலம், ஜவ்வாது மலை, புதூர்நாடு, மலையாளிப் பழங்குடியினர், வசூல், நடுகல்.

முன்னுரை

தெலுங்குத் திரையுலகின் பெரும்படங்களை ஆராய்வோர் பெரும்பாலும் ‘பாகுபலி’யிலிருந்தே தொடங்குவர். எஸ். எஸ். ராஜமௌலி இயக்கிய அப்படத்தின் முதற்பாகம் 2015 ஜூலை 10 அன்றும், இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே படமாக்கப்பட்டு, இந்தி, மலையாளம் ஆகியவற்றில் மொழிமாற்றம் செய்யப்பட்ட அப்படம், ஒரு வட்டார மொழிப் படம் நாடு முழுவதற்குமான படமாக மாறுவதற்கு வழிகாட்டியது. இரண்டாம் பாகம் உலக அளவில் ரூ.1,000 கோடி வசூலைக் கடந்த முதல் இந்தியப் படமாயிற்று. அதன் நாயகன் அரச குலத்தவன்; தன் பிறப்பை அறியாமல் வளர்ந்து, பின்னர் அதனை மீட்டெடுப்பவன்.

சுகுமார் இயக்கிய ‘புஷ்பா’ இவ்வழியில் வந்ததாயினும் ஒரு முதன்மையான வேறுபாட்டை உடையது. இதன் நாயகன் அரசன் அல்லன். நாட்கூலிக்கு மரம் வெட்டுபவன். கற்பனை நாட்டிற்கு மாறாக, வரைபடத்தில் காணக்கூடிய ஒரு காடு இதன் களமாகிறது. அக்காட்டிற்கும் தமிழகத்தின் ஜவ்வாது மலைக்கும் உள்ள உறவு கற்பனையன்று. ஆகவே இப்படத்தைத் திரைக்கலை நோக்கில் மட்டுமின்றி, அதன் கதைப்பொருளால் வாழ்வு பாதிக்கப்பட்ட நிலத்தின் நோக்கிலும் காண வேண்டியுள்ளது.

மலையும் மரமும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் இது பரந்துள்ளது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலைநாடுகள் 2019இல் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். ‘மலையை ஆள்பவர்’ என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இவர்கள் கேரளத்து மக்களல்லர், தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு.

சாமை, புளி, பலா, கடுக்காய், தேன் ஆகியன இம்மலையின் விளைபொருள்கள். நிலம் பெரும்பாலும் மழையை நம்பியது. எனவே ஆண்டின் ஒரு பகுதியில் கர்நாடக, கேரளக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். மேஸ்திரி எனப்படும் ஆள்சேர்ப்பவர் முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வதும் இவ்வழக்கின் கூறே.

இம்மலை ஒரு காலத்தில் சந்தன மரத்திற்குப் பெயர்பெற்றது. அரசின் சந்தன மரக் கிடங்கு திருப்பத்தூரில் இருந்ததும், அங்கு ஏலம் நடைபெற்றதும் பலரும் அறிந்தவை. வெட்டிய மரத்தின் வெளிறைச் செதுக்கி நீக்கி, வைரம் பாய்ந்த உட்பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் கைத்திறன் இத்தொழிலின் அடிப்படை. செம்மரத்திற்கும் இதே திறன் தேவை. அதன் விலையும் வைரப்பகுதிக்கே உரியது. சந்தனக் காடு அருகிய பின்னர், இத்திறனுடையோரைத் தேடி வடக்கிலிருந்து அழைப்பு வந்ததில் வியப்பில்லை.

செம்மரம் உலகில் இயற்கையாக வளரும் பரப்பு மிகச் சிறியது. தென்னாந்திரத்தின் சேஷாசலம், வெலிகொண்டா, லங்கமலை, பாலகொண்டா ஆகிய குன்றுத் தொடர்களே அதன் தாயகம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது 1995 முதல் இடம்பெற்றுள்ளது. சீனாவில் உயர்வகை மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இம்மரம் விரும்பப்படுகிறது. வளரும் பரப்புக் குறைவு, வாங்குவோர் தொலைவில் உள்ள செல்வர், வணிகத்திற்குத் தடை. இம்மூன்றும் சேரும்போது விலை உயர்வதும் கடத்தல் வளர்வதும் இயல்பு.

படத்தின் ஆக்கம்

மைத்ரி மூவி மேக்கர்ஸ், முத்தம்செட்டி மீடியா ஆகிய நிறுவனங்கள் முதற்பாகத்தைத் தயாரித்தன. அல்லு அர்ஜுன் நாயகனாகவும், ராஷ்மிகா மந்தனா நாயகியாகவும், ஃபகத் ஃபாசில் காவல்துறை அதிகாரியாகவும் நடித்தனர். இசை தேவி ஸ்ரீ பிரசாத்; ஒளிப்பதிவு போலந்து நாட்டவரான மிரோஸ்லாவ் கூபா ப்ரோஸெக். கொரோனா முடக்கத்தால் தாமதமான படப்பிடிப்பு 2020 நவம்பரில் தொடங்கியது. முதலில் ஒரே படமாகத் திட்டமிடப்பட்ட கதை, இரண்டு பாகங்களாக வெளியாகும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது.

கதை சேஷாசலத்தில் நிகழ்கிறது. காட்டுக் காட்சிகளில் பெரும்பாலானவை கோதாவரிப் பகுதியிலுள்ள மாரேடுமில்லிக் காட்டில் எடுக்கப்பட்டன. அது ஈரப்பதம் மிக்க பசுங்காடு. சேஷாசலமோ வறண்ட இலையுதிர் காடு. செம்மரம் வளராத நிலத்தில் செம்மரக் காட்டைப் படைக்க வேண்டியிருந்ததால் கலைத்துறையின் பணி பெரிதாயிற்று. திரையில் நாம் காணும் அடர்பசுமை செம்மரத்தின் இயல்பான சூழல் அன்று என்பதைப் பார்வையாளர் நினைவிற் கொள்ள வேண்டும். கல்லும் முள்ளும் வெயிலும் நீரின்மையும் சேர்ந்த உண்மைக் காட்டின் கடுமை இதனால் மறைந்து, காடு காட்சி அழகாக மாறுகிறது.

கடத்தலின் நடைமுறைகளைப் படம் விரிவாகக் காட்டுகிறது. வெட்டுதல், செதுக்குதல், சுமத்தல், பதுக்குதல், வண்டியேற்றுதல், சோதனைச் சாவடியைக் கடத்தல், துறைமுகம் சேர்த்தல் என்னும் தொடர்ச்சி அதில் உண்டு. காவலர் வரும்போது கட்டைகளை ஆற்றில் தள்ளிவிட்டு அணையருகே மீட்பதும், பால்வண்டியில் மறைவறை அமைத்துக் கொண்டுசெல்வதும் நாயகனின் அறிவுக்கூர்மையைக் காட்டும் நிகழ்ச்சிகளாக அமைகின்றன. இடைத்தரகர் தமக்குக் கொடுப்பதைப் போலப் பன்மடங்கு விலை சென்னையில் கிடைக்கிறது என்பதை நாயகன் கண்டறியும் இடமே அவன் ஏற்றத்தின் திருப்புமுனை. உழைப்பவன் கைக்கும் விற்பவன் கைக்கும் இடையிலான விலை வேறுபாட்டைப் பொதுமக்கள் படம் ஒன்று இவ்வளவு தெளிவாகச் சொன்னது பாராட்டத்தக்கது.

மொழியும் மொழிமாற்றமும்

படத்தின் தெலுங்கு, சித்தூர் வட்டார வழக்கு. தமிழக எல்லையை ஒட்டிய அவ்வட்டாரப் பேச்சில் தமிழின் தாக்கம் உண்டு. நகர்ப்புறத் தெலுங்கு நாயகர்களின் பேச்சிலிருந்து வேறுபட்ட இவ்வழக்கை அல்லு அர்ஜுன் பயின்று பேசினார். தோளைச் சாய்த்த நடை, தாடியை நீவும் கையசைவு, லுங்கி, எண்ணெய் காணாத தலை ஆகியன அப்பேச்சுடன் இணைந்து ஓர் உடல்மொழியை உருவாக்கின. 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருதைப் பெற்ற முதல் தெலுங்கு நடிகர் இவரே. பாடல்களுக்கான சிறந்த இசையமைப்பாளர் விருது தேவி ஸ்ரீ பிரசாத்திற்குக் கிடைத்தது.

மொழிமாற்றத்தில் வட்டார வழக்கு இழக்கப்படுவது இயல்பு. ஆயினும் உடல்மொழிக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டேவிட் வார்னர் முதல் சிற்றூர்ச் சிறுவர் வரை அக்கையசைவைப் பின்பற்றிக் காணொளி வெளியிட்டமை இதற்குச் சான்று. சொல் எல்லையில் நின்றபோதும் அசைவு எல்லை கடந்தது.

வசூலைப் புரிந்துகொள்ளுதல்

திரைப்பட வசூல் பற்றிய எண்களைக் கையாளும்போது மூன்று சொற்களை வேறுபடுத்த வேண்டும். விற்ற நுழைவுச்சீட்டுகளின் முழுத்தொகை மொத்த வசூல். அதிலிருந்து வரியைக் கழித்தால் எஞ்சுவது நிகர வசூல். திரையரங்கின் பங்கையும் கழித்தபின் விநியோகஸ்தரைச் சேர்வது பங்குத்தொகை. விளம்பரங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் முதலாவது. படம் இலாபமா இழப்பா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது. இந்தியாவில் இவ்வெண்களைத் தணிக்கை செய்து வெளியிடும் பொது அமைப்பு இல்லாமையால், தயாரிப்பாளர் அறிவிப்புகளும் வணிகப் பார்வையாளர் மதிப்பீடுகளுமே சான்றாகின்றன.

2021 டிசம்பர் 17 அன்று தெலுங்கு, தமிழ், இந்தி, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளில் முதற்பாகம் வெளியானது. அதன் உலக மொத்த வசூல் ரூ.350 கோடியைக் கடந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஆந்திரத்தில் அப்போது நடைமுறையிலிருந்த நுழைவுச்சீட்டு விலை வரம்பு அம்மாநில வருவாயைக் குறைத்தது. மாறாக, பெரிய விளம்பரமின்றி வெளியான இந்திப் பதிப்பு வாரந்தோறும் வலுப்பெற்று ரூ.100 கோடி நிகர வசூலைத் தாண்டியது. தெலுங்குப் படங்களின் இந்தி மொழிமாற்றங்கள் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் பல்லாண்டுகளாக ஒளிபரப்பாகி, அல்லு அர்ஜுனுக்கு வடக்கில் பார்வையாளர்களை முன்பே உருவாக்கியிருந்தன. 2022 ஜனவரியில் அமேசான் பிரைம் தளத்தில் வெளியானதும் பாடல்களின் பரவலும் அவ்வட்டத்தை மேலும் விரித்தன.

2024 டிசம்பர் 5 அன்று வெளியான இரண்டாம் பாகம் அந்த முதலீட்டின் அறுவடை எனலாம். உலக மொத்த வசூல் ரூ.1,800 கோடிக்கு மேல் எனத் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர். இந்திப் பதிப்பின் நிகர வசூல் மட்டும் ரூ.800 கோடியைத் தாண்டியது. மூலமொழியின் வசூலை மொழிமாற்றப் பதிப்பு விஞ்சியது இங்குக் கவனிக்கத்தக்கது. இம்முறை ஆந்திரமும் தெலங்கானாவும் நுழைவுச்சீட்டு விலையை உயர்த்த இசைவளித்தன. இவ்வெற்றியின் மறுபக்கமும் உண்டு. வெளியீட்டிற்கு முந்தைய இரவு ஐதராபாத் திரையரங்கு ஒன்றில் ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார்.

வசூலுக்கான காரணங்களாக விளம்பரம், இசை, சண்டைக்காட்சி ஆகியன சுட்டப்படுகின்றன. இவற்றோடு கதையின் வர்க்க அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். ஊர்விட்டு ஊர் சென்று உழைப்போர் இந்நாட்டில் கோடிக்கணக்கினர். முதலாளியின் முன் கால்மேல் கால் போட்டு அமரும் கூலியாளின் காட்சி அவர்களுக்கு எம்மொழியிலும் விளங்கும். அரச குல நாயகன் தராத ஒன்றை இந்நாயகன் தருகிறான்.

பெயரற்றவனும் பெயரிழந்தோரும்

புஷ்பாவின் அடிப்படை வேட்கை பணமன்று, பெயர். முறைப்படி மணம் செய்யாத பெற்றோரின் மகனாதலால், தந்தையின் குடும்பப்பெயர் அவனுக்கு மறுக்கப்படுகிறது. தெலுங்குச் சமூகத்தில் குடும்பப்பெயர் தனிப்பெயருக்கு முன்னே நின்று குலத்தை அறிவிப்பது. அப்பெயர் இல்லாமை அவன் சிறுமையுறும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டப்படுகிறது. அவன் தன் பெயரையே அனைவரும் அஞ்சும் பெயராக ஆக்கிக்கொள்வதுதான் இருபாகக் கதையின் ஓட்டம்.

இங்கு மலைநாட்டு வரலாற்றை அருகில் வைத்துக் காண்போம். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வனத்துறையினர் கொல்லப்பட்டனர். அதன்பின் தமிழகத் தொழிலாளர் பல நூற்றுவர் கைதாகி ஆந்திரச் சிறைகளில் நெடுநாள் இருந்தனர். 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரியை அடுத்த காட்டில் ஆந்திரச் சிறப்புக் காவற்படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஆகியவற்றின் பழங்குடியினர் அவர்களுள் பலர். தற்காப்பிற்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதனை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையை மேற்கொண்டது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழகத் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்தன.

இந்நிகழ்ச்சிகள் பொதுநினைவில் எண்களாகவே எஞ்சியுள்ளன. ‘இருபது பேர்’, ‘ஐந்து பேர்’ என்கிறோம். திரையில் ஒரு கூலியாள் தன் பெயரை நாடறியச் செய்கிறான். காட்டில் இறந்தோர் தம் பெயரை இழந்து தொகையாகின்றனர். முதற்பாகத்தில் தமிழகம் முதன்மையாக முருகன் என்னும் சென்னை வணிகர் வழியாகவே புலப்படுகிறது. விலை பேசும் தமிழகம் திரையில் உண்டு. கோடரி பிடித்த தமிழகம் பின்னணிக் கூட்டமாகக் கரைகிறது. இரண்டாம் பாகத்தில் கைதான கூலியாட்களை மீட்க, நாயகன் காவல்நிலையம் முழுவதையும் விலைக்கு வாங்குகிறான். பார்வையாளர் கைதட்டும் அக்காட்சி, பிணையெடுக்கவும் வழக்கறிஞர் அமர்த்தவும் ஆடுமாடு விற்று அயல்மாநில நீதிமன்றத்திற்கு அலையும் குடும்பங்களின் நிலைக்கு நேர்மாறானது.

கடத்தல் குற்றம் என்பதிலோ செம்மரம் காக்கப்பட வேண்டியது என்பதிலோ ஐயமில்லை. காட்டைக் காக்கும் பணியில் வனத்துறையினர் உயிரிழந்ததையும் மறத்தலாகாது. ஆனால் தண்டனை தொடர்ச்சியின் எக்கண்ணியில் விழுகிறது என்பதே கேள்வி. வெட்டுபவர் பிடிபடுகிறார், முன்பணம் கொடுத்தவர் பெரும்பாலும் தப்புகிறார். கிடைக்கும் பங்கோ வெட்டுபவருக்கு மிகச் சிறிது. இடர் மிகப் பெரிது. படம் இவ்வுண்மையை அறிந்தே தொடங்குகிறது. ஆனால் ஒருவன் மட்டும் அத்தொடரின் உச்சிக்கு ஏறுவதைத் தீர்வாகக் காட்டுவதால், கீழே நிற்போரின் நிலை மாறாமல் இருப்பது கண்ணில் படுவதில்லை.

நடுகல் மரபு தரும் ஒப்பீடு

ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள செங்கம் பகுதி நடுகற்களால் புகழ்பெற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகளில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் தலைவன், ஆநிரைப் பூசல் ஆகியன குறிக்கப்படுகின்றன. எடுத்தனூர் நடுகல் இவற்றுள் தனிச்சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பதிந்துள்ளது.

நடுகல்லில் நிற்பவன் மன்னன் அல்லன். தன் ஊரின் மாடுகளுக்காக இறந்த எளியவன். அவன் எவ்வாறு வென்றான் என்பதைவிட, யார், எங்கு, எதன்பொருட்டு இறந்தான் என்பதையே கல் சொல்கிறது. இன்றைய பெரும்படமோ வெல்பவன் பெயரை மட்டும் காக்கிறது. இரண்டும் வீரத்தைப் பேசும் வடிவங்கள். ஆயினும் எவர் பெயர் எஞ்ச வேண்டும் என்பதில் வேறுபடுகின்றன. நாயின் பெயரையும் மறவாத நிலத்திலிருந்து சென்ற மனிதர் எண்ணாக மட்டும் நினைக்கப்படுவது, இம்மண்ணின் மரபிற்கு முரணானது.

முடிவுரை

‘புஷ்பா’ படங்களின் வெற்றி தற்செயலன்று. வட்டார வழக்கில் ஊன்றிய பாத்திரம், மொழி கடந்த உடல்மொழி, மொழிமாற்றப் பதிப்புகளால் முன்பே உருவான வடநாட்டுப் பார்வையாளர், இரு பாகங்களாகப் பிரித்த வணிகத் திட்டம், உழைப்போரின் மதிப்பு வேட்கையைத் தொட்ட கதை ஆகிய ஐந்தும் இணைந்து அதனை உண்டாக்கின.

அவ்வெற்றி செம்மரக் காட்டைக் கோடிக்கணக்கானோர் அறிந்த இடமாக்கியது. ஆனால் அக்காட்டிற்குப் புதூர்நாடு, ஜமுனாமரத்தூர் போன்ற மலைநாடுகளிலிருந்து செல்லும் பாதையை அறிந்தோர் சிலரே. அப்பாதை வறண்ட நிலத்தில், முன்பணத்தில், பயன்பாடு இழந்த சந்தனக் கைத்திறனில் தொடங்குகிறது. மலை விளைபொருளுக்கு உரிய விலை, உள்ளூரில் நிலையான வேலை, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முறையான செயலாக்கம் ஆகியவற்றால் மட்டுமே அப்பாதையை அடைக்க இயலும்.

ஆய்வுலகிற்கும் ஒரு கடமை உண்டு. செம்மரக் காட்டிற்குச் சென்று திரும்பியோர், திரும்பாதோரின் குடும்பத்தினர் ஆகியோரின் வாய்மொழி வரலாறு, அவர்களின் இசைவுடனும் பாதுகாப்புடனும் தமிழில் பதிவாக வேண்டும். திரைப்படத்தின் வசூலை நாள்தோறும் கணக்கிடும் காலத்தில், அப்பதிவு இன்னும் காத்திருக்கலாகாது.